சேத்தூரில் பால் கொதித்த நாள்

போன மாதம் நிஷா மேடம் போன் செய்தார். "அண்ணாச்சி, புதுசா ஏழு பேரு வேலைக்குச் சேந்திருக்காங்க. பெட்டி சர்டிபிகேட் பத்தி நான் எம்புட்டு சொன்னாலும் தலைய ஆட்டுதாங்க, உள்ள ஏற மாட்டேங்குது. நீங்க அந்த சேத்தூர் விசயத்த எழுதித் தாங்க. நான் எழுதுனா ஒங்களக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார்.

"நான் எழுதுனா மட்டும் பெருமையாவா இருக்கப் போவுது?" என்றேன்.

"நீங்க எழுதுனா படிப்பாங்க" என்றார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த அம்மாளுக்கு இல்லை என்று சொல்ல இன்னும் எனக்குப் பழகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் கற்றதை எல்லாம் ஒரே பொருளில் அடக்கிவிடலாம். அது பேனல் சாவி. மில்லில் எத்தனை மின்பெட்டி இருந்தாலும் சாவி ஒன்றுதான். எங்கள் அறை வாசலில் ஒரு ஆணியில் தொங்கும். எந்த ஷிஃப்டில் எவன் இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். மோட்டார் புகைகிற நேரத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று துழாவிக்கொண்டிருந்தால் மில்லில் பஞ்சு மிஞ்சாது. ஒரே சாவி என்பது எங்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் பாதுகாப்பு. பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மில் மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பால் கம்பெனியில் சேர்ந்தேன். சுற்றுப்பட்ட ஊர்களில் எங்களுக்கு பால் சென்டர்கள் உண்டு. காலையும் மாலையும் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் பாலை ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டியில் நாலு டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். அந்தத் தொட்டிக்குக் கூலர் என்று பெயர். டேங்கர் வந்து எடுத்துப்போகும் வரை சூடு ஏறக் கூடாது. ஏறினால் பால் திரிந்துவிடும். திரிந்த பாலை வைத்துக்கொண்டு பால்கோவா கிண்ட முடியாது.

அந்தக் காலத்தில் தினமும் காலையில் ஒவ்வொரு சென்டருக்கும் நான் போன் போட்டு டிகிரி கேட்பேன். எல்லா ஊரிலும் எல்லா நாளும் நாலு டிகிரிதான். ஒரு நாள் கூலரே ஓடாத ஒரு ஊரிலிருந்தும் நாலு டிகிரி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டிகள் வந்தன. பெட்டிகளோடு நிஷா மேடமும் வந்தார்.

மேடம் ராஜபாளையத்துப் பிள்ளை. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், எனக்கு மேலதிகாரி. முதல் நாள் நான் விறைப்பாகத்தான் நின்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க அண்ணாச்சி, செத்த நேரம் ஆகும்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளங்கை அகலப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி போய் பாலின் சூட்டைப் பார்க்கும். முகப்பில் எண் தெரியும். உள்ளே ஒரு சிம்.

"இது யாருக்கும் நேரா போன் பண்ணாது. நடுவுல கிளவுட்ல புரோக்கர்னு ஒண்ணு இருக்கு. பெட்டி தன் பேரச் சொல்லி அதுகிட்டச் சின்னதா ஒரு சேதி போடும். யாருக்கு வேணுமோ அவங்க அங்க கேட்டுக்கிடலாம். நானும் கேக்கலாம், நீங்களும் ஒங்க போன்ல கேக்கலாம். இதுக்கு எம்க்யூடிடின்னு பேரு."

எனக்குத் தெரிந்த புரோக்கர் எல்லாம் வீடு பார்த்துக் கொடுத்து இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர்கள். இவர் வாங்க மாட்டாரா என்று கேட்டேன். "மாசக் கடைசில பில்லு வரும், அப்பப் பாருங்க" என்றார். அதோடு என் விறைப்பு போயிற்று.

புரோக்கர் முகம் பார்த்து யாரையும் உள்ளே விடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாள அட்டை மாதிரி ஒரு சர்டிபிகேட் உண்டு. அதற்கு ஜோடியாக ஒரு ரகசிய சாவி, அதுவும் எழுத்துகளால் ஆன சாவி. அந்தச் சாவி தன்னிடம் இருக்கிறது என்பதைப் பெட்டி நிரூபிக்கும், ஆனால் சாவியைக் காட்டாது. புரோக்கர் உண்மையான புரோக்கர்தானா என்று பெட்டியும் சரிபார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பேசலாம். அதே பெயரில் இன்னொன்று வந்தால் முதலில் இருந்ததன் தொடர்பைப் புரோக்கர் துண்டித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு மண்டையில் ஏற ஒரு வருடம் ஆனது. மலையடியில் ஒரு சென்டரில் பெட்டி இரண்டு நாளாகப் பேசவில்லை. ஒயரை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், கடைசியில் அடித்தும் பார்த்தேன். மேடம் போனில், "பெட்டில மணி என்னன்னு பாருங்க" என்றார். பார்த்தால் 1970 ஜனவரி என்கிறது. கரண்ட் போய், உள்ளே இருந்த கடிகார பேட்டரியும் தீர்ந்து, அது தன் கணக்கின் முதல் நாளுக்கே போய்விட்டது. "அதப் பொறுத்தவரைக்கும் புரோக்கரோட சர்டிபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல அண்ணாச்சி. பொறவு எப்படி நம்பும்?" என்றார். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. தெரியாத ஆளிடம் வாய் திறக்க மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்திருக்கிறதே.

மேடத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எது பழுதானாலும் அவர் மூன்று கேள்விதான் கேட்பார். எப்ப? எத்தன? வேற யாருக்குத் தெரியும்? பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார். குரல் உயராது. ஏன் என்று மட்டும் கேட்கவே மாட்டார். ஒரு தடவை காரணம் கேட்டேன். "ஏன்னு கேட்டா ஆளு கதை சொல்ல ஆரம்பிச்சிருவான். மொதல்ல மெசின் ஓடட்டும்" என்றார்.

அப்போதைய பெட்டிகளில் சாவியை லேப்டாப்பில் உண்டாக்கி நாங்கள்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. நான் அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். எல்லாச் சென்டர் சாவியும் அதில். அதை என் சாவிக்கொத்தில், மில்லிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த பேனல் சாவிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அவசரத்துக்கு உதவும் என்று நினைத்தேன். அதே கெட்டிக்காரத்தனத்தில் எங்கள் ஆபீஸ், ஒர்க்‌ஷாப், சென்டர் எல்லாவற்றுக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வைத்திருந்தேன். போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

சித்திரையில் ஒரு கோடை மழை. சேத்தூர் சென்டரில் இடி விழுந்து வைஃபையும் போய், பெட்டி ஊமையாகிவிட்டது. விதிப்படி பழைய சர்டிபிகேட்டை ரத்து செய்து, புதுப் பெட்டிக்குப் புதிதாக வாங்கி ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று நாள் ஆகும். நான் சாவிக்கொத்தை எடுத்தேன், பென் டிரைவைச் சொருகினேன், சேத்தூரின் பெயரையும் சாவியையும் புதுப் பெட்டியில் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் சேத்தூர் பேசியது. பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் சிம் பேசும் பகுதி மட்டும்தான் கருகியிருந்தது. முகப்பு எண் நன்றாகத் தெரிந்தது. தூக்கிப்போட மனசில்லாமல் ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைத்தேன்.

ஆடி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் என்றால் ஊருக்குள் பால்கோவா கடைகளில் அடுப்பு அணையாது. எங்கள் ஆபீஸ் கீழ்த்தளத்தில் தற்காலிகமாக இன்னொரு தொட்டி இறக்கினார்கள். "சூடு தெரியிற மாதிரி எதாவது மாட்டிக் குடுங்க" என்றார்கள். அலமாரியில் இருந்த ஊமைப் பெட்டி ஞாபகம் வந்தது. கொண்டுவந்து மாட்டினேன். சிம்தான் கருகிவிட்டதே, இது எங்கே பேசப் போகிறது?

அதற்கு வைஃபையும் உண்டு என்பதை மறந்துபோனேன். பாஸ்வேர்டும் அதற்குத் தெரியும், எல்லா இடத்துக்கும் ஒன்றுதானே. அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொட்டியின் சூட்டைச் சேத்தூரின் பெயரில் அது சொல்ல ஆரம்பித்தது. சேத்தூர்ப் பெட்டி பேச வந்தால் இது துண்டாகும், இது வந்தால் அது துண்டாகும். நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

சேத்தூர் சென்டரைப் பார்த்துக்கொண்டவர் சண்முகத்தாய். ஆறு வருடமாக ஒரு சொட்டுப் பால் வீணாகாமல் நடத்தியவர். பெட்டி வந்த பிறகும் இரண்டு வேளையும் தெர்மாமீட்டரைத் தொட்டியில் முக்கிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். "பெட்டி இருக்கும்போது இந்த நோட்டு எதுக்கு தாயி?" என்று கேலி செய்திருக்கிறேன். "பெட்டி ஒங்க ஆபீசுக்குச் சொல்லுது அண்ணாச்சி. நோட்டு எனக்குச் சொல்லுது" என்பார்.

எங்கள் கொள்முதல் மேனேஜர் பார்ப்பது ஒரு ரிப்போர்ட். அதில் ஒவ்வொரு மணிக்கும் அதிகபட்ச சூடு மட்டும்தான் இருக்கும். தேர்க் கூட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொட்டியில் எந்நேரமும் புதுப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் சேத்தூர் பதினெட்டு, இருபது என்று ஏறி நின்றது. மூன்று நாள் டேங்கர் சேத்தூர்ப் பாலை எடுக்கவில்லை. ஊற்றியவர்கள் அவரவர் ஊற்றிய அளவுக்குப் பாலைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கரண்ட் போகும்போது ஜெனரேட்டரை ஓட்டாமல் டீசலை விற்றுத் தின்கிறாள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. ஆறு வருடம் அவர் கையில் பால் கொடுத்த ஆட்களே பேசினார்கள்.

என்னைப் பார்த்துவரச் சொன்னார் மேடம். சேத்தூர் போனேன். பெட்டியின் கம்பியை ஐஸ் தண்ணீரில் போட்டேன், பூஜ்யம் காட்டியது. பாலில் போட்டேன், நாலு காட்டியது. பெட்டி சரி. அப்படியானால் நான் வருவது தெரிந்து கூலரை ஓடவிட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

"நான் மெசின அமத்தல அண்ணாச்சி. ஒங்க பெட்டிதான் பொய் சொல்லுது. இந்தா பாருங்க" என்று சண்முகத்தாய் நோட்டை நீட்டினார்.

"நோட்டுல என்ன வேணாலும் எழுதலாம் தாயி. பெட்டி பொய் சொல்லாது" என்றேன்.

அவர் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.  நான் ரிப்போர்ட்டில் 'பெட்டி சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. சண்முகத்தாயை மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு வந்து சென்டர் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பதினொன்றரைக்கு அவர் வயர்கூடையோடு மாடி ஏறிப் போவதைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் போனார். நான் கீழே அந்தத் தற்காலிகத் தொட்டிப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெட்டி முகப்பில் பதினேழு. பழக்க தோஷத்தில் போனில் சேத்தூரைத் திறந்தேன். அங்கேயும் பதினேழு. கொஞ்ச நேரத்தில் போன் நாலு என்றது. மறுபடி பதினேழு. முகப்பில் பதினெட்டானது. போனிலும் பதினெட்டு.

டீ கிளாசைக் கீழே வைத்தேன். தொட்டியிலிருந்து கம்பியை உருவி, கழுவி, என் டீ கிளாசில் முக்கினேன். முப்பது, நாற்பத்தைந்து, ஐம்பத்தெட்டு என்று முகப்பு ஏறியது. போனைப் பார்க்க பயமாக இருந்தது. பார்ப்பதற்குள் அதுவே அடித்தது.

"அண்ணாச்சி, சேத்தூர்ல பால் கொதிக்குது. சண்முகத்தாய் எங்கூட இங்க ஒக்காந்திருக்காக. நீங்க எங்க இருக்கீங்க?"

"கீழதான் இருக்கேன் மேடம். கொதிக்கிறது பால் இல்ல, என் டீ."

அப்படியே மாடி ஏறினேன். மேனேஜர் ஒரு பக்கம், சண்முகத்தாய் ஒரு பக்கம். மேசையில் சேத்தூர் சென்டரின் சாவிகள் ஒரு கயிற்றில் கோத்தபடி கிடந்தன. மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"எப்ப?"

"சித்திரைல இடி விழுந்தப்ப சேத்தூர் சாவிய இன்னொரு பெட்டில ஏத்துனேன். பழைய பெட்டிய தேருக்கு இங்க கீழ மாட்டுனேன். ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே சாவி."

"எத்தன?"

"ரெட்டையா ஓடுறது இது ஒண்ணுதான். ஆனா எல்லாச் சென்டர் சாவிக்கும் எங்கிட்ட நகல் இருக்கு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப நம்ம நாலு பேருக்கு."

மேடம் லேப்டாப்பைத் திருப்பி எதையோ தேடினார். சேத்தூர் என்ற பெயர் நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே வந்து வந்து போயிருப்பது வரிசையாகத் தெரிந்தது. "நானும் இதப் பாத்திருக்கணும். ஒங்க கையெழுத்த நம்பிப் பாக்காம விட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நடந்தத எழுதுங்க" என்றார். மேனேஜர் தொண்டையைச் செருமிவிட்டு, சாவிக் கயிற்றைச் சண்முகத்தாய் பக்கம் தள்ளினார். அவர் எடுத்து வயர்கூடையில் போட்டுக்கொண்டார்.

சேத்தூரின் சர்டிபிகேட்டை மேடம் அங்கேயே ரத்து செய்தார். இரண்டு பெட்டியும் ஒரே நொடியில் வாயடைத்துப்போயின. சாயங்காலப் பாலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கம்பெனி வண்டியில் மூவரும் கிளம்பினோம். வண்டியில் மேடம் கையை நீட்டினார். சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன். மடியில் லேப்டாப்பை வைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பாட்டு ஏத்திக்கோங்க" என்றார். பின் சீட்டில் சண்முகத்தாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

மேடம் கொண்டுவந்தது புது மாதிரிப் பெட்டி. அதில் சாவி உள்ளேயே உண்டாகும், வெளியே எடுக்கவே முடியாது. சர்டிபிகேட்டுக்கும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், அப்போதே கிடைத்துவிடும். "ஒங்க முன்னாலதான் உண்டாக்கப் போறேன், பாருங்க" என்று சண்முகத்தாயைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்தார். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது, அந்த நேரத்திலும். மற்ற சென்டர்களுக்கும் ஒவ்வொன்றாக இதேபோல் மாற்ற அடுத்த இரண்டு மாதம் அலைந்தேன். வைஃபை பாஸ்வேர்டும் ஊருக்கு ஒன்றாக மாறியது. எனக்கு எதுவும் ஞாபகம் நிற்காமல் தினமும் மேடத்தைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சேத்தூரில் அந்த வேலை முடிவதற்குள் பால் ஊற்ற ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். மேடம் சிக்னல் தேடி வெளியே போனார். யாரும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் வண்டியேற முடியாது என்று தெரிந்தது. கேன்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். மூணு நாளும் இங்க பால் குளிர்ச்சியாத்தான் இருந்தது, ஒரு பெட்டிக்குக் குடுத்த பேர ரெண்டு பெட்டிக்குக் குடுத்தது நான், தப்பு என்னோடது, அந்த மூணு நாள் பாலுக்குக் கம்பெனி காசு தரும் என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப டீசலு?" என்றார்.

"ஓட்டுனது போக மிச்சம் டிரம்முல சரியா இருக்கு. வந்ததும் கம்ப விட்டு அளந்து பாத்துட்டேன்" என்றேன்.  ஒருவரும் சண்முகத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் என்னைக் கூலர் பக்கம் கூப்பிட்டார். "மேடம் மூணு கேள்வி கேட்டாக. நான் ஒண்ணு கேக்கவா அண்ணாச்சி?"

"கேளு தாயி."

"ஏன் எம் நோட்டப் பாக்கல?"

மேடம் ஏன் என்று கேட்காதது எவ்வளவு பெரிய தயவு என்று அப்போதுதான் தெரிந்தது. இடி, தேர், மூன்று நாள் தாமதம், மில் பழக்கம் என்று என்னிடம் கதை நிறைய இருந்தது. அதில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பெட்டியை நம்பினேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. பெட்டியை மாட்டியவன் நான், அதனால் நம்பினேன்.

"ஒன்ன நம்பல தாயி" என்றேன்.

தெரிந்ததுதான் என்பது போலத் தலையசைத்தார். இடுப்பிலிருந்து நோட்டை எடுத்துத் தொட்டி மூடிமேல் விரித்து, பேனாவை நீட்டினார். "நான் அழிச்சு எழுதுனேன்னு நாளைக்கு எவனும் சொல்லப்பிடாது. ஒங்க கையால எழுதிக் குடுங்க." மூன்று நாளுக்கும் இரண்டு வேளை, ஆறு எண்கள். நாலு, நாலு, மூணரை, நாலு, நாலு, நாலு. அதற்குக் கீழே எழுதினேன்: 'இந்த மூன்று நாளும் பால் நன்றாக இருந்தது. சண்முகத்தாய் எழுதியது சரி. குருசாமி, எலக்ட்ரீசியன்.'

எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். தெர்மாமீட்டரைப் பாலில் முக்கி எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே அன்றைய எண்ணை எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பினார். நான் நோட்டைப் பார்த்தேன், பிறகு பெட்டியைப் பார்த்தேன். இரண்டிலும் நாலு.

"இனிமே இந்த வரிசையிலயே பாருங்க" என்றார். அடுத்த கேனை இறக்கச் சொன்னார்.